கூழைக்கடாவின் அலகு ஏன் முறிகிறது?

கேள்வி: நான் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கிறேன். ஆறு மாதமாக பாலிமர் கிளேயில் சின்னச் சின்ன விலங்குகள் செய்து பழகுகிறேன். பூனை, நாய் எல்லாம் ஓரளவுக்கு வந்துவிட்டன. அடுத்து எண்ணூர் கழிமுகத்தில் பார்க்கிற கூழைக்கடா, பங்குனி ஆமை, நண்டு என்று நம் பகுதி உயிர்களை ஒரு வரிசையாகச் செய்ய ஆசை. ஆனால் கூழைக்கடாவின் அலகு மூன்று தடவை முறிந்துவிட்டது. ஆமையைச் சுட்டு எடுத்தால் அடிவயிற்றில் விரிசல். வெள்ளை நிறம் பழுப்பாகிறது. சுடுவதற்கு முன்பே அதில் கரும்புள்ளிகள் வேறு. எதிர்வீட்டுப் பாட்டி, "மண் பொம்மைன்னா அடியில ஓட்டை போடணும்மா, இல்லாட்டி வெடிச்சிடும்" என்றார். ஓட்டை போட்டும் பார்த்துவிட்டேன், விரிசல் போகவில்லை. வீட்டு ஓ.டி.ஜி. அடுப்பில்தான் சுடுகிறேன், அதிலேயே கேக்கும் செய்கிறோம். "இந்த வாடை உடம்புக்கு ஆகுமா?" என்று அம்மா தினமும் கேட்கிறார். அக்காவின் இரண்டு வயதுக் குழந்தையும் வீட்டில் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

– ஒரு வாசகி, காலடிப்பேட்டை

பதில்: பாட்டி சொன்னதில் பிழையே இல்லை. அவர் சொன்னது வேறு பொருளைப் பற்றி, அவ்வளவுதான். குயவர் களிமண்ணில் தண்ணீர் இருக்கிறது. காயும்போது அந்தத் தண்ணீர் போய் மண் சுருங்கும். மிச்ச ஈரத்தோடு சூளைக்குள் போனால் உள்ளே ஆவி சேர்ந்து பொம்மை வெடிக்கும். அதனால்தான் அய்யனார் குதிரை செய்கிறவர்கள் மண்ணோடு மணலும் உமியும் கலக்கிறார்கள், உடம்பைக் கூடாக வனைகிறார்கள், ஆவி போக வழி விடுகிறார்கள். கொசப்பேட்டைக்குப் போய் யாரைக் கேட்டாலும் பாட்டி சொன்னதையே சொல்வார்கள்.

உங்கள் கையில் இருப்பதில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பெயரில்தான் கிளே, பொருள் பி.வி.சி. வீட்டுக்குழாய், மின்கம்பி உறை எல்லாம் எதில் செய்கிறார்களோ அதே பிளாஸ்டிக்கின் பொடி. அதை இளக்கமாக வைத்திருக்க ஒரு எண்ணெய் போன்ற திரவம், கொஞ்சம் நிரப்புப் பொடி, நிறம். சூடு ஏறும்போது பி.வி.சி. துகள்கள் அந்தத் திரவத்தைக் குடித்து உப்பி, ஒன்றோடொன்று இளகி ஒட்டிக்கொள்கின்றன. காய்வது, சுருங்குவது, ஆவி போவது எதுவும் இங்கே நடப்பதில்லை. ஆகவே ஓட்டையும் தேவையில்லை. சொல்லப்போனால், நீங்கள் குத்திய ஓட்டையே விரிசல் கிளம்ப வசதியான இடமாகியிருக்கும்.

இதை மண் என்று நினைக்கிறவரை உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைக்காது. மணலி பக்கத்தில் வாழ்கிற உங்களுக்கு பெட்ரோகெமிக்கல் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் குடும்பத்துச் சரக்குதான் இது.

முதலில் அலகு. மூன்று தடவை முறிந்தது என்றால் கைப்பிழையாக இருக்காது. அது வேகவில்லை. நன்றாக வெந்த பாலிமர் கிளே மெல்லிய பட்டையாக இருந்தால் வளையும். ‘டொக்’ என்று ஒடிந்தால் துகள்கள் முழுதாக ஒட்டவில்லை என்று அர்த்தம். "வெள்ளை பழுப்பாகிறதே, அப்படியானால் அதிகமாக அல்லவா வெந்திருக்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். அதுதான் சின்ன ஓ.டி.ஜி.யின் குறும்பு. உள்ளே இருக்கிற கம்பி சிவக்கும்போது அதற்கு நேரே இருக்கும் மேல்தோல் கருகுகிறது. அணைந்ததும் உள்வெப்பம் சரிகிறது. நடுவில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் இன்னும் சரிகிறது. மேலே தீய்ந்து உள்ளே அரைவேக்காடு. அடை வார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

குமிழில் எழுதியிருக்கிற எண்ணை நம்பாதீர்கள். 110 என்று வைத்தால் உள்ளே 90ம் இருக்கலாம், 150ம் இருக்கலாம். ஓவனுக்குள்ளேயே வைக்கிற சின்ன வெப்பமானி ஒன்று வாங்குங்கள். இந்தத் தொழிலில் நான் செய்த உருப்படியான செலவு அதுதான். அதற்கு முன் ஒரு டஜன் யானைக்குட்டிகளைக் கரியாக்கியிருக்கிறேன். ஃபிமோ பிராண்டு என்றால் 110 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம். ஸ்கல்பி வகைகளுக்கு 130ஐ ஒட்டி. பொதுவாக ஒவ்வொரு 6 மில்லிமீட்டர் தடிமனுக்கும் நேரம் கூடும். பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சரியான வெப்பத்தில் கூடுதலாக அரை மணி வைத்தால் கெடுதல் கிடையாது, உறுதிதான் கூடும். வெப்பம் கூடினால்தான் ஆபத்து.

அடுப்பைக் கால் மணி நேரம் முன்பே சூடாக்குங்கள். உள்ளே ஒரு செராமிக் டைல் வையுங்கள், சூட்டைத் தாங்கிப் பிடித்து ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும். கட்டட வேலை நடக்கிற இடத்தில் உடைந்த டைல் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். டைலின் மேல் வெள்ளைத்தாள், தாளின் மேல் பொம்மை, அதற்கு மேல் அலுமினியத் தாளைக் கூடாரம் மாதிரி மடித்து மூடுங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். எடுத்தவுடன் தொட்டுப் பார்த்து "இன்னும் மெத்தென்று இருக்கிறதே" என்று மறுபடி சூட்டைக் கூட்டிவிடாதீர்கள். சூடாக இருக்கும்போது அது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் இறுகும். மைக்ரோவேவ் கூடவே கூடாது. குக்கரில் மணல் போட்டு கேக் செய்கிற வித்தையும் இதற்கு உதவாது, சூடு எவ்வளவு என்று தெரியவே தெரியாது.

முறிந்த மூன்று கூழைக்கடாக்களையும் தூக்கிப் போட்டுவிடவில்லையே? இந்தப் பொருளை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி சுடலாம். முறிந்த இடத்தில் கொஞ்சம் திரவ பாலிமர் கிளே தடவி, துண்டைப் பொருத்தி, சரியான வெப்பத்தில் முழுநேரம் சுடுங்கள். பெவிக்விக் வேண்டாம், நாளாக நாளாக அந்த ஒட்டு நொறுங்கும்.

இனி அலகை வடிப்பது எப்படி என்பது. எண்ணூரில் நீங்கள் பார்ப்பது புள்ளி அலகுக் கூழைக்கடா. அந்த நீள அலகைக் காற்றில் நீட்டி நிறுத்தினால் வெந்த கிளேகூட ஒருநாள் மேசையிலிருந்து விழுந்து முறியத்தான் செய்யும். உள்ளே கம்பி வேண்டும். ஆனால் கட்டடக் கட்டுக்கம்பியைப் போட்டுவிடாதீர்கள். உங்கள் தெருவில் ஜன்னல் கம்பி எத்தனை மாதத்தில் துருப்பிடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பித்தளை அல்லது அலுமினியக் கம்பி எடுத்து, ஒரு முனையைக் கொக்கி மாதிரி வளைத்து உடம்புக்குள் இறக்கி, மறுமுனையை அலகின் நுனிக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள்.

இதைவிட நல்ல வழி, பறவையை உட்கார வைப்பது. கூழைக்கடா ஓய்வாக இருக்கும்போது தலையைப் பின்னுக்கு இழுத்து அலகை மார்பின் மேல் சாய்த்துக்கொள்ளும். அந்த நிலையில் அலகு உடம்போடு ஒட்டிவிடுகிறது, முறிய இடமே இல்லை. தண்ணீரில் மிதப்பதாகச் செய்தால் கால் பிரச்சினையும் தீர்ந்தது. மாமல்லபுரத்தில் பேன் பார்க்கும் குரங்குகளை நினைத்துப் பாருங்கள். கை, கால், குட்டி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருக்கும். துருத்திக்கொண்டு நிற்கிற உறுப்பு கிடையாது. அர்ச்சுனன் தபசுப் பாறைக்குக் கீழே மூக்கைச் சொறிகிற மானும் அப்படித்தான். கருங்கல்லில் செய்தவனே மெல்லிய காலை அந்தரத்தில் விடப் பயந்திருக்கிறான். விலங்கின் நிலையைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதிப் பொறியியல் முடிந்துவிடும். உங்கள் பூனையும் நாயும் ‘ஓரளவுக்கு வந்ததற்கு’க் காரணமும் இதுவாகத்தான் இருக்கும். காசிமேட்டுப் பூனைகள் மீன் கூடைக்குப் பக்கத்தில் முன்னங்காலை மடக்கி உட்காருகிற மாதிரி, அவை உருண்டை வடிவத்திலேயே வாழ்கின்றன.

ஆமை விரிசல். நீங்கள் உடம்பு முழுவதையும் கிளேயாலேயே உருட்டியிருப்பீர்கள். தடித்த உருண்டையில் வெளிப்புறம் முதலில் வெந்து இறுகிவிடும். உள்ளே பின்னால் சூடேறி விரியும்போது, எங்கே பலவீனமோ அங்கே பிளக்கும். பிசையும்போது சிக்கிக்கொண்ட காற்றும் சேர்ந்துகொள்ளும். சமையல் அலுமினியத் தாளைக் கசக்கி, ஆமை ஓட்டின் வடிவத்துக்கு நன்றாக அழுத்தி, கரண்டியால் தட்டி இறுக்குங்கள். தொளதொளவென்று கசக்கினால் அதற்குள் இருக்கும் காற்றே விரிந்து கொப்புளம் கட்டும். அதன் மேல் 4, 5 மில்லிமீட்டர் சீரான தடிமனில் கிளேயைப் போர்த்துங்கள். சுட்டதும் மின்விசிறிக்கு அடியில் கொண்டுபோய் வைக்காமல் அடுப்பை அணைத்து உள்ளேயே ஆறவிடுங்கள். உள்ளே அலுமினியத் தாள் இருப்பதால் கிளேயும் மிச்சமாகும். 57 கிராம் கட்டி விற்கிற விலைக்கு அது சின்ன விஷயமல்ல.

ஆமையின் உருவத்தைப் பற்றியும் ஒன்று. பெரும்பாலானவர்கள் ஓட்டில் கால்பந்து மாதிரி அறுகோணங்களைக் கீறிவிடுகிறார்கள். பங்குனி ஆமையின் ஓட்டில் நடுவில் முதுகுத்தண்டை ஒட்டி ஒரு வரிசைத் தகடுகள், அதன் இருபுறமும் விலாத் தகடுகள். அந்த விலாத் தகடுகள் பச்சை ஆமைக்கு நான்கு ஜோடிதான். பங்குனி ஆமைக்குப் பெரும்பாலும் ஆறு அல்லது அதற்கு மேல், சிலவற்றுக்கு இடமும் வலமும் எண்ணிக்கை மாறிக்கூட இருக்கும். ஆகவே உங்கள் கணக்கு ஒரு பக்கம் பிசகினால் அது பிழையாகத் தெரியாது, இயல்பாகத்தான் தெரியும். ஓடு ஏறக்குறைய வட்டமாகவே இருக்கும், நீளமுட்டை வடிவம் அல்ல. கரையில் இறந்து ஒதுங்குகிற ஆமையைப் பார்த்துச் செய்யாதீர்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரை நெடுக நூற்றுக்கணக்கில் ஒதுங்கினவே, அவற்றின் கண்ணும் கழுத்தும் உப்பிப்போயிருக்கும். அந்த வீக்கம் உங்களை அறியாமல் பொம்மைக்குள் வந்துவிடும்.

நண்டைப் பற்றி நீங்கள் குறை ஏதும் சொல்லவில்லை. இன்னும் தொடங்கவில்லை என்று நினைக்கிறேன். சமையலுக்கு வாங்குவதற்கு முன் ஒரு நீலக்கால் நண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கால்கள் மொத்தம் பத்து. முதல் ஜோடி கொடுக்கு, கடைசி ஜோடி துடுப்பு மாதிரித் தட்டை. இந்தத் துடுப்பை விட்டுவிட்டால் அது நீந்துகிற நண்டே அல்ல. கால்களைத் தனித்தனியாக நிறுத்தாமல், சாம்பல் நிறக் கிளேயில் ஒரு சேற்றுத் திட்டு செய்து அதன் மேல் படிய வைத்து மொத்தமாகச் சுடுங்கள். கண்ணுக்குக் கறுப்புக் கிளேயில் கடுகளவு உருண்டைகள் பிடித்து முதலில் தனியாகச் சுட்டு வைத்துக்கொண்டு, பிறகு சுடாத கிளேயில் அழுத்திப் பொருத்தினால் நசுங்காது. கண்ணாடிப் பாசிமணியும் சூட்டைத் தாங்கும். பிளாஸ்டிக் மணி உருகும்.

மீன் செய்கிற நாள் வந்தால், வெட்டும் இடத்தில் செதில் கொஞ்சம் கேட்டு வாங்கிக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். கான்ஃபிளவர் மாவு தொட்டு அழுத்தி எடுத்தால் எந்த அச்சும் தராத கோடுகளைத் தரும்.

கரும்புள்ளி. இதற்கு நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். 2011 வரை சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கியது, ராயபுரத்து மாடிகளில் கரி படிந்தது. வழக்கு நடந்து நிலக்கரி எண்ணூருக்குப் போன பிறகு கரித்தூசிப் பேச்சும் வடக்கே நகர்ந்தது. அங்கே அனல்மின் நிலையங்களின் சாம்பலும் இருக்கிறது. ஜன்னல் திறந்த வீட்டில் வெள்ளைக் கிளே ஒரு காந்தம் மாதிரி. இளக்கும் திரவத்தின் பிசுபிசுப்பில் எந்தத் தூசியும் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை வேலையை எப்போதும் முதலில் முடியுங்கள், கறுப்பு, சிவப்பு எல்லாம் பிறகு. குழந்தைக்கு வைத்திருக்கிற ஈரத் துடைப்பானால் கையையும் மேசையையும் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். துவைத்துத் துவைத்து நூல் உதிர்கிற நைட்டியோடு உட்காராதீர்கள். இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பாதிப் புள்ளிகள் புகைபோக்கியிலிருந்து வந்தவை அல்ல, நம் உடையிலிருந்து உதிர்ந்தவை. மீறி ஒட்டிய புள்ளியை, சுடுவதற்கு முன், பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் தடவி எடுக்கலாம்.

மே மாத வெயிலில் கிளே கையில் கூழாகும். பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். அதிகம் இளகிய கட்டியை இரண்டு வெள்ளைத்தாள்களுக்கு நடுவில் சில மணி நேரம் அழுத்தி வைத்தால் தாள் உபரித் திரவத்தை உறிஞ்சிவிடும். பாக்கெட்டை ஃபிரிட்ஜின் தலையில் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றே மாற்றுங்கள். அந்தச் சூட்டிலேயே நாள்படக் கொஞ்சம் கொஞ்சமாக வேக ஆரம்பித்துவிடும், பிறகு பிசைந்தால் உதிரும். சேமிக்க ஐஸ்கிரீம் டப்பா, அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருப்பது நல்லது. பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கும் கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் டப்பாவையே தின்றுவிடும். கடையில் வாங்கும்போது ‘ஓவன் பேக்’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். காற்றில் உலரும் கிளேயைப் பாலிமர் கிளே என்று எடுத்துக் கொடுப்பது பாரிமுனைப் பக்கம் சகஜம். அதைச் சுட்டால் விரியத்தான் செய்யும்.

இப்போது அம்மாவின் கேள்வி. அதுதான் உங்கள் கடிதத்தில் முக்கியமானது. சொன்ன வெப்பத்தில் சுட்டால் லேசான பிளாஸ்டிக் வாடை இருக்கும், அவ்வளவுதான். 170, 180 என்று ஏறி கருகினால் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். கருகல் வாடை வந்த நொடியே அடுப்பை அணைத்து, கதவைத் திறக்காமல், ஜன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவி உங்கள் கூழைக்கடாக்களின் இறகில் ஒட்டியதும், அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அமோனியா கசிந்து மக்கள் வீதிக்கு வந்ததும் நடந்த பகுதி அது. அங்கே ஒரு தாய் வாடையைப் பற்றிக் கேட்டால் அவரைப் பயந்தவர் என்று நினைக்கக் கூடாது.

கேக் செய்யும் அடுப்பிலேயே சுட வேண்டாம். பழைய ஓ.டி.ஜி. ஒன்று கிடைத்தால் அதை இதற்கென்றே ஒதுக்குங்கள். அதுவரை, மூடியுள்ள ஒரு அலுமினியப் பாத்திரத்துக்குள் பொம்மையை வைத்து மூடிச் சுடுங்கள். ஆவி சுவரில் படியாது. அந்தப் பாத்திரமும், கிளே தேய்க்கும் சப்பாத்திக் கட்டையும் திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது. பழைய பாக்கெட் எதுவும் இருந்தால் குழந்தைப் பக்கம் விடாதீர்கள். முன்பு பல தயாரிப்புகளில் தாலேட் வகை இளக்கிகள் இருந்தன. அமெரிக்கா 2008ல் குழந்தைப் பொருள்களில் அவற்றுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது, ஐரோப்பாவும் செய்தது, பெரிய நிறுவனங்கள் கலவையை மாற்றின. எப்படியிருந்தாலும் இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நண்டுக் கொடுக்கு தொண்டையில் சிக்கினால் போதும். அலமாரியின் மேல்தட்டுக்குப் போகட்டும்.

மிச்சத் துண்டுகளைக் குப்பையோடு போட்டால் கொடுங்கையூர் போய்ச் சேரும். தெருவில் எரித்தால் நச்சு. எல்லா நிறத்தையும் சேர்த்துப் பிசைந்து, அடுத்த ஆமையின் உள் அடுக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். வழவழப்பாக்கத் தேய்ப்பதானால் தண்ணீருக்குள் வைத்துத் தேயுங்கள், தூசி பறக்காது. நிறம் பூச அக்ரிலிக் நல்லது. நகப்பூச்சை மினுமினுப்புக்காக அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சில மாதத்தில் அந்தப் பொம்மை கையில் பசையாக ஒட்டும்.

ஒரு சின்னக் கதை, கேள்விக்கு வெளியே. ஜெர்மனியில் கேத்தே க்ரூசே என்று புகழ்பெற்ற பொம்மைக்காரர். 1939 வாக்கில் பொம்மைத் தலை செய்ய ஏதோ ஒரு புதுப் பிளாஸ்டிக் மாவு அவர் பட்டறைக்கு வந்தது. பட்டறைக்கு அது சரிப்படவில்லை. வீட்டில் ஃபிஃபி என்று கூப்பிடப்பட்ட மகள் அதை எடுத்து வைத்துக்கொண்டு நோண்டிக்கொண்டே இருந்தார். 1964ல் அந்தக் கலவையை எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் வாங்கியது. ஃபிமோ என்கிற பெயரில் அந்த ஃபிஃபிதான் ஒட்டிக்கொண்டிருக்கிறார். தொழிற்சாலை வேண்டாமென்று ஒதுக்கியது வீட்டு மேசையில் பிழைத்தது.

கடைசியாக, படத்தை மட்டும் பார்த்துச் செய்யாமல், சின்ன விலங்குகளை ஏற்கனவே செய்தவர்களின் வேலையைப் போய்ப் பாருங்கள். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த வெண்கல மூடிகள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூடிகளின் மேல் எருமை, சேவல், யானை, மான் என்று சின்னச் சின்னதாக நிற்கும். கண்ணுக்கும் முடிக்கும் மெனக்கெடவில்லை, ஆனால் எருமையை எருமை என்று கொம்பின் வளைவே சொல்லிவிடும். உங்கள் கூழைக்கடாவின் தலையில் எத்தனை இறகு கீறலாம் என்று யோசிப்பதற்கு முன் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்கி ஒரு ஷேர் ஆட்டோ. வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்றைக்கு அங்கே விடுமுறை.